யூஐ, யூஎக்ஸ்: சாய்கோட்டின் இருபுறமும் இருக்கும் இரண்டு வேலைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைவாய்ப்புத் தளங்களில் ‘யூஐ/யூஎக்ஸ் டிசைனர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதானா, ஒன்றைக் கற்றால் மற்றொன்றும் கூடவே வந்துவிடுமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சி வகுப்புகளிலும் நேர்காணல்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். சில கேள்விகளுக்கு நீளமான பதில் தேவையில்லை.

யூஐ என்றால் என்ன, யூஎக்ஸ் என்றால் என்ன?

யூஐ என்பது பயனர் இடைமுகம். ஒரு செயலியையோ, இணையதளத்தையோ, வங்கி வாசலில் நிற்கும் ஏடிஎம்மையோ பயன்படுத்துபவரின் கண்ணும் விரலும் காதும் நேரடியாகச் சந்திக்கிற பகுதி அது. பொத்தான்கள், எழுத்துரு, நிறம், ஐகான், இடைவெளி, தட்டியவுடன் வரும் சிறு அதிர்வு, பிழைச் செய்தி தோன்றும் இடம் ஆகியவை அதில் அடங்கும். யூஎக்ஸ் என்பது பயனர் அனுபவம். அந்த மனிதர் எந்தக் காரியத்துக்காக வந்தாரோ, அந்தக் காரியம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவருக்கு எப்படி நடந்தது என்பதை அது குறிக்கிறது. சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் 9241-210 என்ற தரநிலை, ஒரு பொருளையோ சேவையையோ பயன்படுத்துவதாலும், பயன்படுத்தப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பாலும் ஒருவருக்கு உண்டாகும் உணர்வுகளையும் எதிர்வினைகளையும் பயனர் அனுபவம் என்று வரையறுக்கிறது. ‘எதிர்பார்ப்பாலும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். போன தடவை பணம் நடுவழியில் மாட்டிக்கொண்டதை நினைத்து, செயலியைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கமும் யூஎக்ஸ் கணக்கில்தான் சேரும்.

சொற்களின் பொருள் இவ்வளவுதான். வேலைகளின் வேறுபாட்டுக்கு நான் கையாளும் அளவுகோல் ஒன்று உண்டு: பயனர் தடுமாறும்போது யார் பதில் சொல்ல வேண்டியவர் என்று பார்ப்பது. எதைத் தொட வேண்டும் என்று தெரிந்தும் பொத்தான் கண்ணில் படவில்லை, அல்லது பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டுவிட்டது என்றால், பதில் சொல்ல வேண்டியவர் யூஐ வடிவமைப்பாளர். எல்லாப் பொத்தான்களையும் சரியாகவே தொட்டும் வந்த காரியம் முடியவில்லை என்றால், பதில் சொல்ல வேண்டியவர் யூஎக்ஸ் வடிவமைப்பாளர்.

ஒரு செயலியை எடுத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைக் காட்ட முடியுமா?

வெளியூர்ப் பேருந்துக்கு இருக்கை பதிவு செய்யும் செயலி ஒன்றில் வேலை செய்தபோது, அதைப் பயன்படுத்துபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போவதற்காக இருக்கை வரைபடத்தைத் திறந்தார். காலி இருக்கைகள் வெள்ளையாகவும் நிரம்பியவை வெளிர் சாம்பல் நிறத்திலும் இருந்தன. அலுவலகத்தின் பெரிய திரையில் அந்த இரண்டு நிறங்களும் நன்றாகவே பிரிந்து தெரிந்தன. சார்ஜை மிச்சம் பிடிப்பதற்காக வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்த அவருடைய கைபேசியில், பகல் வெயிலில், எல்லா இருக்கைகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. நிரம்பிய இருக்கைகளையே மூன்று முறை தட்டிவிட்டு, “வேலை செய்ய மாட்டேங்குது தம்பி” என்று கைபேசியை என்னிடம் நீட்டினார். இது முழுக்க யூஐ குறை. நிரம்பிய இருக்கைகளின் மேல் குறுக்குக்கோடு போட்டதும் தீர்ந்துவிட்டது.

அடுத்து வந்த தடுமாற்றம் வேறு வகையைச் சேர்ந்தது. இருக்கையைத் தேர்ந்தெடுத்த பிறகு எட்டு நிமிடத்துக்குள் பணம் கட்டியாக வேண்டும். பெயர், வயது, ஏறும் இடம் ஆகியவற்றை நிதானமாக நிரப்புவதற்கே அவருக்கு ஆறு நிமிடம் ஆனது. கார்டு எண்ணைக் கொடுத்ததும் வரவேண்டிய ஓடிபி, மகனுடைய செல் எண்ணுக்குப் போனது. மகனை அழைத்து, அவர் சொன்ன எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு திரும்பியபோது செயலி முதல் பக்கத்தில் வந்து நின்றது. அவர் எந்த இடத்திலும் தவறு செய்யவில்லை, அவர் தட்டிய பொத்தான்களிலும் குறை இல்லை. வங்கிக் கணக்கு வீட்டில் ஒருவருடைய எண்ணோடு இணைந்திருக்கும், பயணச்சீட்டை வேறொருவர் எடுப்பார் என்ற சாதாரணக் குடும்ப வழக்கத்தை அந்த எட்டு நிமிடத்தை முடிவு செய்த எங்களில் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இது யூஎக்ஸ் குறை.

ஏறும் இடங்களின் பட்டியலில் ‘பெருங்களத்தூர்’ என்று மட்டும் போட்டிருந்ததும் அப்படித்தான். இரவு பத்து மணிக்கு ஜிஎஸ்டி சாலையில் பெட்டியோடு நிற்பவருக்குத் தெரிய வேண்டியது எந்தக் கடைக்கு முன்னால் நிற்பது என்பதாகும். அதைத் திருத்துவதற்குத் திரையில் நாங்கள் கூட்டியது ஒரே ஒரு வரி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அடையாளம் கேட்டுப் பேருந்து உரிமையாளர்களிடம் தொலைபேசியில் பேசி வாங்குவதற்கு மூன்று வாரம் ஆனது. யூஎக்ஸ் வேலையில் கணிசமான பகுதி இப்படித் திரைக்கு வெளியில் நடக்கிறது.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

ஜன்னல், ஐகான், மவுஸ் ஆகியவை கொண்ட கணினித் திரை, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருப்பெற்று 1981-இல் ஸ்டார் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1984-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் அதைப் பரவலாகக் கொண்டுசேர்த்தது. மேக்கின்டாஷின் ஐகான்களை வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தில் 32-க்கு 32 கட்டங்களை ஒதுக்கி, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் நிரப்பி நிரப்பிப் பார்த்தார். இன்றும் யூஐ வேலை அடிப்படையில் அதேதான்: சிறிய இடம், குறைந்த புள்ளிகள், பார்த்தவுடன் புரிய வேண்டிய கட்டாயம்.

யூஎக்ஸ் என்ற பெயரைப் பரப்பியவர் அறிவாற்றல் உளவியலாளரான டான் நார்மன். 1993-இல் ஆப்பிளில் சேர்ந்த அவர் ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ் ஆர்க்கிடெக்ட்’ என்ற பதவிப் பெயரை ஏற்றுக்கொண்டார். அதுவரை வழங்கிவந்த ‘மனித இடைமுகம்’, ‘பயன்பாட்டு எளிமை’ என்ற சொற்கள் மிகக் குறுகியவை என்று அவர் கருதினார். பொருளின் உருவம், வரைகலை, இடைமுகம், கையில் பிடிக்கும் விதம், கூடவே வரும் கையேடு வரை எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவருவது அவருடைய நோக்கமாக இருந்தது. ஆக, அவர் கணக்கில் யூஐ என்பது யூஎக்ஸின் உறுப்புகளில் ஒன்று. கையேட்டையும் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு விரிந்திருந்த அந்தச் சொல், இன்று திரை வரைபவரின் பதவிப் பெயராகச் சுருங்கிப்போனது ஒரு விந்தை.

கணினி வருவதற்கு முன்பே இந்த வேலைகள் இருந்தனவா?

பெயர் இல்லாமல் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விசித்திரமான விபத்து அடிக்கடி நேர்ந்தது. பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் போய்க்கொண்டிருக்கும்போது, இறக்கையின் ஃபிளாப் என்ற மடிப்புத் தகட்டை மடக்க வேண்டிய விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தரையில் தேய விழுந்துவிடும். விமானியின் கவனக்குறைவு என்றே ஒவ்வொரு விபத்தும் பதிவானது. விமானப் படைக்காகப் பணியாற்றிய உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் வேறு கேள்வியைக் கேட்டார்: களைத்துப்போனவர்கள், வேறு வேறு ஊர்களில் பயிற்சி பெற்றவர்கள், எல்லோரும் ஒரே தவறை எப்படிச் செய்கிறார்கள்? விமானி அறைக்குள் போய்ப் பார்த்தபோது, ஃபிளாப்புக்கான விசையும் சக்கரத்துக்கான விசையும் ஒரே வடிவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கர விசையின் முனையில் ரப்பர் சக்கரம் ஒன்றையும், ஃபிளாப் விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தச் செய்தார். இருட்டிலும் கை தடவித் தெரிந்துகொள்ள முடிந்தது. பயணிகள் விமானங்களில் சக்கர விசையின் குமிழ் இன்றும் சக்கர வடிவத்திலேயே இருக்கிறது.

மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, சபானிஸ் செய்தது யூஐ வேலையா, யூஎக்ஸ் வேலையா என்று கேட்பது என் வழக்கம். குமிழின் வடிவம் யூஐ. ‘விமானி ஏன் தவறினார்’ என்ற கேள்வியை ‘விமானியைத் தவறவைத்தது எது’ என்று மாற்றிக் கேட்டதும், அதற்காக நேரில் போய்ப் பார்த்ததும் யூஎக்ஸ். முதலாவது இல்லாமல் இரண்டாவது வெறும் அறிக்கையாகவே கிடந்திருக்கும். இரண்டாவது இல்லாமல், பார்வைக்கு அழகான இரண்டு ஒரே மாதிரி விசைகளை யாரோ செய்து கொடுத்திருப்பார்கள்.

தவறு நடந்தால் முதலில் திரையைக் குறை சொல்வது சரியா?

பல நேரங்களில் அது அவசர முடிவாக இருக்கும். 2018 ஜனவரி 13 அன்று காலையில், ஹவாய் மாநில மக்களின் கைபேசிகளுக்கு ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, இது ஒத்திகை அன்று என்ற எச்சரிக்கை போனது. அது தவறான எச்சரிக்கை என்ற திருத்தம் அதே கைபேசிகளுக்கு வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. ஒத்திகைக்கான தேர்வும் உண்மையான எச்சரிக்கைக்கான தேர்வும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருந்ததால் ஊழியர் தவறானதைத் தேர்ந்துவிட்டார் என்றே முதலில் பேசப்பட்டது, உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் அந்தப் பட்டியலைத் திருத்தி வரைந்து காட்டினார்கள். விசாரணையில் வந்த விவரம் வேறு. ஒத்திகைக்காக ஒலித்த பதிவில் ‘இது ஒத்திகை அன்று’ என்ற வாசகம் இடம்பெற்றிருந்தது. அதைக் கேட்டு உண்மையான தாக்குதல் என்றே நம்பி எச்சரிக்கையை அனுப்பியதாக அந்த ஊழியர் சொன்னார். அவர் சொன்னபடி பார்த்தால் பட்டியலை எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் அதே பொத்தானைத்தான் அழுத்தியிருப்பார். திருத்தம் தாமதமானதற்கு முக்கியக் காரணம், தவறான எச்சரிக்கையைத் திரும்பப் பெறுவதற்கென்று ஆயத்தமான செய்தியோ நடைமுறையோ இல்லாதது. பட்டியல் மோசமாக இருந்தது உண்மைதான், அதை யூஐ வடிவமைப்பாளர் திருத்தியிருக்க வேண்டும். ஒத்திகை எப்படி அறிவிக்கப்படும், தவறு நேர்ந்தால் திரும்பும் வழி எது என்பவை யூஎக்ஸ் வடிவமைப்பாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

யூஐ வடிவமைப்பாளர் நாள் முழுவதும் என்ன செய்கிறார்?

‘கலர் போடுகிறவர்’ என்று அலுவலகங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைக்குள் கொஞ்சம் அலட்சியமும் இருக்கிறது. ஒரே ஒரு பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாதாரண நிலை, விரல் அழுத்தும் நிலை, இன்னும் இயங்கத் தயாராகாத நிலை, தட்டிய பிறகு காத்திருக்கும் நிலை, பிழை வந்த நிலை என்று ஐந்து நிலைகளையாவது வரைந்தாக வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று இணைய அணுகுதன்மை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தொடும் பகுதி 44-க்கு 44 புள்ளிகள் என்று ஆப்பிளும், 48-க்கு 48 என்று ஆண்ட்ராய்டும் தத்தம் அலகில் பரிந்துரைக்கின்றன. கண் பார்வை குறைந்தவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், அந்தப் பொத்தானை என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்பதையும் எழுதித்தர வேண்டும். இத்தனையையும் ஒருமுறை தீர்மானித்து, நூறு திரைகளிலும் ஒரே மாதிரி வருவதற்காக டிசைன் சிஸ்டம் என்ற தொகுப்பாக்கி, டெவலப்பரிடம் கொடுத்து, அவர் கட்டிக் கொண்டுவந்ததை அளந்து பார்ப்பதற்குள் வாரம் ஓடிவிடும். பேருந்துச் செயலியின் சாம்பல் நிற இருக்கைகளை யாரும் அந்த விகிதக் கணக்கில் வைத்துப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் அந்த அம்மா வரை அந்தக் குறை போயிருக்காது.

தமிழில் வரும் செயலிகளுக்கு யார் பொறுப்பு?

இருவரும். ஆனால் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிற இடமும் இதுதான். ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பை ஊற்றினால், மூன்று எழுத்து ‘பே’ இருந்த பொத்தானுக்குள் ‘பணம் செலுத்துக’ என்பதை அடைக்க வேண்டியிருக்கும். வரி உயரம் குறைவாக இருந்தால் ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படும், ‘ழு’, ‘பு’ போன்றவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியில் இடிக்கும். இடம் போதாதபோது எழுத்துகளை எண்ணி வெட்டுகிற நிரல்களால் வேறொரு சிக்கல் வரும். ‘தமிழ்’ என்ற சொல் படிக்கிறவருக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடின் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. நான்கோடு வெட்டினால் ‘தமிழ’ என்று புள்ளியை இழந்து நிற்கும். இவை யாவும் யூஐ வடிவமைப்பாளர் தமிழ் வரிகளை வைத்தே முதலிலிருந்து வரைந்து பார்த்தால் தவிர்க்கக்கூடியவை.

யூஎக்ஸ் பக்கத்துக் குறைக்கு நான் அடிக்கடி காட்டும் உதாரணம், பயணச்சீட்டை ரத்து செய்யும் திரை. ‘பயணச்சீட்டை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘ரத்து செய்’, ‘சரி’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஆங்கிலத்தில் ‘கேன்சல்’ என்ற முதல் பொத்தான், இந்தச் செயலைக் கைவிட்டுத் திரும்பிப் போவதற்கானது. தமிழில் அது சீட்டையே ரத்து செய்வதாகப் பொருள்படுகிறது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் சீட்டு போய்விடுமோ என்று அஞ்சி, கைபேசியையே அணைத்துவிட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ‘ஆமாம், சீட்டை ரத்து செய்’, ‘வேண்டாம், சீட்டு இருக்கட்டும்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் மேல் பழி போடுவது எளிது, ஆனால் சொற்கள் வெறும் பட்டியலாக அவர் கைக்குப் போயிருந்தன. எந்தச் சொல் எந்தத் திரையில் வருகிறது என்பதை யாரும் அவரிடம் காட்டவில்லை.

யூஎக்ஸ் வடிவமைப்பாளரின் வேலை எப்படி இருக்கும்?

கேட்பது, பார்ப்பது, எழுதுவது, பிறகு வரைவது என்ற வரிசையில் இருக்கும். பயனர்களைச் சந்தித்துப் பேசுவார்; அவர்கள் சொல்வதைவிடச் செய்வதைக் கவனிப்பார், ஏனென்றால் ‘சுலபமாகத்தான் இருந்தது’ என்று சொல்லிக்கொண்டே தவறான இடத்தைத் தட்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு வரும் அழைப்புகளைக் கேட்பார். ஒரு காரியம் எந்தப் படிகளில் நடக்கிறது, எந்தப் படியில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று வரைபடம் போடுவார். அதன் பிறகே வயர்ஃப்ரேம் என்ற வெறும் கோட்டுச் சட்டகம் வரும். அதை நிறம் ஏற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: நிறம் ஏற்றிய படத்தைக் காட்டினால் கூட்டத்தில் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசுவார்கள்.

சட்டகத்தைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதிப்பதும் அவர் வேலை. இதற்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கு ‘ஐந்து பேர் போதும்’ என்ற பதில் பிரபலமானது. பயன்பாட்டு எளிமை ஆய்வாளரான ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. ஒரு பயனரைச் சோதித்தால் குறைகளில் சராசரியாக 31 சதவீதம் வெளிப்படும் என்ற கணக்கின்படி, ஐந்தாவது நபருக்குள் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிவந்துவிடும். பலர் மேற்கோள் காட்டாமல் விட்டுவிடும் பகுதி ஒன்று அதே கட்டுரையில் இருக்கிறது: பதினைந்து பேருக்கு வசதி இருந்தால் அவர்களை ஒரே மூச்சில் சோதிக்காமல், ஐந்து ஐந்து பேராக மூன்று சுற்று வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு திருத்த வேண்டும். பயனர்கள் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் தனித்தனியே ஆட்கள் தேவை. அலுவலகத்து நண்பர்கள் ஐந்து பேரிடம் காட்டிவிட்டுச் சோதனை முடிந்தது என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

விளம்பரத்தில் ‘யூஐ/யூஎக்ஸ்’ என்று சேர்த்துப் போட்டிருந்தால் எந்த வேலையை எதிர்பார்க்கலாம்?

பெரும்பாலும் யூஐ வேலையைத்தான். சிறிய நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்ள வசதி இருக்காது, ஒருவரே இரண்டையும் பார்ப்பதில் தவறும் இல்லை. நானும் முதல் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்தச் சாய்கோடு, பயனர்களைச் சந்திக்க நேரமே ஒதுக்காத வேலைக்கு மரியாதையான பெயர் சூட்டவும் பயன்படுகிறது. விளம்பரத்தின் தேவைப் பட்டியலில் மென்பொருள்களின் பெயர்களும் பேனர் வடிவமைப்பும் மட்டுமே இருந்தால் அது யூஐ, சில சமயம் அதிலும் பாதி.

நேர்காணலில் தயங்காமல் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கடைசியாக இந்தக் குழுவில் யார், எப்போது ஒரு பயனரோடு உட்கார்ந்து பேசினார்கள்? என்ன செய்வது என்ற முடிவு எடுக்கப்படும் கூட்டத்தில் வடிவமைப்பாளருக்கு இடம் உண்டா, அல்லது முடிவான பிறகு திரைகளின் பட்டியல் மட்டும் வருமா? சோதனையில் ஒரு திரை தேறவில்லை என்றால் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனது உண்டா? மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பு மட்டும் பதிலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அப்படிப்பட்ட இடத்தில் சேரக்கூடாது என்று நான் சொல்லவில்லை, யூஎக்ஸ் அனுபவம் சேரும் என்று நம்பிச் சேர வேண்டாம்.

பிராடக்ட் டிசைனர், யூஎக்ஸ் ரிசர்ச்சர், யூஎக்ஸ் ரைட்டர் ஆகியோர் யார்?

பிராடக்ட் டிசைனர் என்பவர் இரண்டு வேலைகளையும் செய்து, அது நிறுவனத்தின் வருமானத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியவர். ரிசர்ச்சர், யூஎக்ஸின் ஆய்வுப் பகுதியை மட்டும் செய்பவர். சமூகவியல், உளவியல் படித்தவர்களுக்கு ஏற்றது. ரைட்டர், திரையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பானவர். ‘தட்டு’, ‘தட்டவும்’, ‘தட்டுங்கள்’ ஆகிய மூன்றில் எது அந்தச் செயலியின் குரல் என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும். தமிழ்ச் செயலிகளில் இந்த வேலைக்குத் தனியாக ஆள் வைப்பது அரிதாக இருப்பதால்தான், ஒரே திரையில் மூன்றையும் பார்க்க நேர்கிறது.

கோடிங் தெரிந்திருக்க வேண்டுமா? ஓவியம் வரைய வேண்டுமா?

இரண்டும் கட்டாயம் இல்லை. இணையப் பக்கங்களைக் கட்டப் பயன்படும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தால், எது எளிதில் கட்டக்கூடியது என்று தெரிந்து டெவலப்பரிடம் பேச முடியும். ஓவியத்தைவிட, ஒரு வாக்கியத்தைக் குழப்பமின்றி எழுதும் பழக்கம் யூஎக்ஸ் வேலைக்கு அதிகம் உதவும்.

ஃபிக்மா கற்றுக்கொண்டால் போதுமா?

திரைகளை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மா 2016-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஸ்கெட்ச், அதற்கும் முன் ஃபோட்டோஷாப். பலர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வசதியால் அது மற்றவற்றை முந்தியது. 2022 செப்டம்பரில் அடோபி நிறுவனம் சுமார் 2,000 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்து, ஐரோப்பிய, பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் கைவிட்டது. கற்றுக்கொள்ள வேண்டிய கருவிதான். ஒரு மாதத்தில் கைவந்துவிடும். ஒரு மாதத்தில் கைவருவதை வைத்து மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

எங்கே படிப்பது? எதிலிருந்து தொடங்குவது?

அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்புக் கழகமும், 1969-இல் தொடங்கப்பட்ட ஐஐடி மும்பையின் வடிவமைப்புத் துறையும் இந்தியாவில் இந்தக் கல்விக்கு வழி போட்டவை. இளநிலைப் படிப்புக்கு யூசீட், முதுநிலைப் படிப்புக்கு சீட் என்ற நுழைவுத் தேர்வுகள் உண்டு. ஆனால் என்னோடு வேலை செய்தவர்களில் பொறியியல், வணிகவியல், காட்சித் தொடர்பியல் படித்தவர்களே அதிகம். யூஐயிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அதில் குறை நிறை உடனே கண்ணுக்குத் தெரியும், அதனால் திருத்திக்கொள்வதும் விரைவாக நடக்கும்.

போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்ட வேண்டும்?

போர்ட்ஃபோலியோ என்பது ஒருவர் செய்த வேலைகளின் தொகுப்பு. பிரபலமான செயலி ஒன்றைத் தானாக மாற்றி வரைந்த படங்கள் எனக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களில் பாதிக்கு மேல் இருக்கும். யூஐ வேலைக்கு அது ஓரளவு உதவலாம். யூஎக்ஸ் வேலைக்கு அதில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அந்தச் செயலியின் உண்மையான கட்டுப்பாடுகள் எதுவும் வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. அண்மையில் ஒரு மாணவி, தன் தெருவிலுள்ள மருந்துக் கடையில் இரண்டு மாலை நேரங்கள் நின்று, மாத்திரைச் சீட்டை வாடிக்கையாளர்கள் எந்த இடத்தில் தவறாகப் படிக்கிறார்கள் என்று எழுதிவந்திருந்தார். ‘காலை 1, இரவு 1’ என்று கடைக்காரர் அட்டையின் பின்புறம் எழுதுவதும், மாத்திரையைப் பிதுக்கியதும் அந்த எழுத்து கிழிந்துபோவதும் அவருடைய புகைப்படங்களில் இருந்தன. அவர் செய்த தீர்வு ஒரு காகித உறை மட்டுமே, திரை எதுவும் இல்லை. நேர்காணலுக்கு அழைத்தோம்.

ஏமாற்றும் வடிவமைப்புக்கு யார் பொறுப்பு?

சேர்க்கச் சொல்லாத காப்பீடு கூடையில் தானாக ஏறியிருப்பது, சந்தாவை நிறுத்தும் வழி ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளிந்திருப்பது போன்றவற்றை டார்க் பேட்டர்ன் என்பார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இவற்றில் 13 வகைகளைப் பெயரிட்டுத் தடை செய்கின்றன. ‘வேண்டாம்’ என்ற பொத்தானை மங்கலாக்குவது யூஐ கையில் நடக்கிறது, நிறுத்தும் வழியை நீட்டுவது யூஎக்ஸ் கையில் நடக்கிறது. உத்தரவு பெரும்பாலும் இருவருக்கும் மேலே இருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தகைய உத்தரவு வந்தால் மின்னஞ்சலில் எழுதித் தரும்படி நான் கேட்பேன். எழுதித் தரப்பட்டவை மிகச் சில.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடியுமா?

முடியும். யூஐயிலிருந்து மாற விரும்புபவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு வாரம் அழைப்புகளைக் கேட்க அனுமதி வாங்கி, எந்தப் புகார் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எழுதுவதில் தொடங்கலாம். யூஎக்ஸிலிருந்து மாற விரும்புபவர், தான் சட்டகம் போட்ட ஒரே ஒரு திரையை எடுத்துக்கொண்டு, அதன் காலி நிலை, காத்திருப்பு நிலை, பிழை நிலை, தமிழ் வரிகள் உட்பட எல்லாவற்றையும் கடைசிப் புள்ளிவரை வரைந்து டெவலப்பரிடம் கொடுக்க வேண்டும். அவரிடமிருந்து எத்தனை சந்தேகங்கள் திரும்பி வருகின்றன என்பதிலேயே எவ்வளவு கற்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.